வழிவிடும் பாட்டு

யாரும் பேசவில்லை. ஆனாலும் பாட்டு ஒதுங்கியது.

பெரியவர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம்விடுவதுபோல, தாளமும் இசையும் சட்டென்று தணிந்து, கொஞ்ச நேரம் பணிவாக நின்று, பிறகு மெல்ல நிமிர்ந்தன. டி.ஜே. வேலை பார்க்கும் அவள் மேசைமேல் நின்ற மைக்கைப் பார்த்தாள். அதன் முன்னால் யாருமில்லை. அவள் வாயும் மூடித்தான் இருந்தது.

மழை இருட்டு கட்டிய சாயங்காலம். அடுத்த அறையில் மகள் சிட்டு காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். மருந்து வாசனையும், சூடேறிய பெட்டியிலிருந்து எழும் பழைய தூசியின் கருகல் வாசனையும் வீட்டுக்குள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று ஸ்பீக்கரை முனகலாக வைத்திருந்தாள்.

அந்தப் பெட்டி, புதிதாக வாங்கிய பழைய கம்ப்ரசர்; மைக்கில் பேச்சு வந்தால் பாட்டின் சத்தத்தைத் தணிக்கும் கருவி. கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று விளக்குகள் ஓடும் புதியது. மற்றொன்று கனமானது, கண்ணாடிக்குள் ஒரு முள் வைத்தது.

"புதுசு பாட்டோட கழுத்தைப் பிடிக்கும்க்கா. பழசு தோள்ல கை போடும். மரியாதை தெரிஞ்ச பெட்டி. நீங்க மைக்ல வாயைத் திறந்தா போதும், பாட்டு தானா அடங்கிடும். எங்க வீட்டுல எனக்கு அந்த மரியாதை கிடையாது."

"இதை யார் வெச்சிருந்தாங்க?"

"யாருன்னு தெரியலக்கா. பெட்டி வந்த வீடே காலியாக் கிடக்குது."

சிரித்துக்கொண்டேதான் வாங்கி வந்தாள். அடக்க வேண்டியதை அடக்குகையில் முள் சாயும், விடுகையில் எழும். அவ்வளவுதான் அதன் வேலை. இன்று கிசுகிசுப்பாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், எவ்வளவு சின்னச் சத்தத்துக்கும் பெட்டி விழித்துக்கொள்ளும்படி குமிழை அடிமட்டம்வரை திருப்பியிருந்தாள்.

மழைச் சத்தமாக இருக்கும். ஜன்னலைச் சாத்தினாள். மைக்கைத் துண்டால் சுற்றினாள்.

முள் சாய்ந்தது. பாட்டு தணிந்தது. நீளமாக. பிறகு ஒரு சின்ன இடைவெளி. மறுபடி நீளமாக. மழைக்கு அந்த நிதானம் ஏது? மூச்சு வாங்கி, நிறுத்தி, தொடர்ந்து... பேச்சுக்குத்தான் உண்டு.

மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். அதன் நுனி அவள் கையில் தொங்கியது.

முள் சாய்ந்தது.

முள் எழுந்த அந்த இடைவெளியில், அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம்.

"ம்."

சிட்டுவின் குரல். தூக்கத்தில் முனகுகிறாள் போலும். பாட்டு மறுபடி தணிந்தது, நிமிர்ந்தது.

"ம்."

பாட்டு தணிந்தது. நிமிர்ந்தது.

"ம். அப்புறம்?"

கதை கேட்கும் பிள்ளை இப்படித்தான் ம் கொட்டும். அவள் மடியில் படுத்துக்கொண்டு தினமும் கொட்டுவதுதான்.

"சிட்டு! யார்கூடடி பேசுற?"

"கதை சொல்றாங்கம்மா. நடுவுல பேசாதே."

பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தக் கை நீண்டது. நிறுத்தினால் அது எப்போது பேசுகிறது என்றுகூடத் தெரியாமல் போய்விடுமே. கை அந்தரத்திலேயே நின்றது.

நீளமாக ஒரு சாய்வு. மிக நீளமாக.

"ம்... அங்கேயா? நானும் வரட்டுமா?"

முள் அசைந்தது. ஒரே ஒரு சொல்லின் அளவு.

ஓடினாள். கதவைத் தள்ளினாள். "சிட்டு!"

கட்டில். போர்வை. அதில் சின்ன உடம்பு கிடந்த வெற்றுக் குழிவு. தொட்டாள். காய்ச்சல் சூடு இன்னும் ஆறவில்லை. ஜன்னல் உள்ளிருந்து தாழிட்டபடியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் செருப்பு மட்டும்.

"கண்ணு! அம்மாகிட்ட வாடி!"

முன்னறையில் பாட்டு முழுசாக எழுந்து ஒலித்தது. அப்பாடா என்பதுபோல.

பிறகு தணிந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறை வாசல்வரை வந்தாள். பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தது. கண்ணாடிக்குள் முள் நெடுநேரம் சாய்ந்து கிடந்து, எழுந்தது.

பிறகு லேசாக, மிக மிக லேசாக, ஒரு முறை துடித்தது. ஒரு பிள்ளை ம் கொட்டுகிற அளவுக்கு.