கேலாங் மாப்பிள்ளை

ரத்தினம்மா நன்றி சொன்னார். பிரிஜட்டுக்கு முதலில் உறுத்தியது அதுதான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்த அந்தத் திருமணத் தகவல் நிலையத்தில் மூன்று வருடமாக அவள் தொலைபேசி எடுக்கிறாள். நன்றி சொல்ல ஒருவர்கூடக் கூப்பிட்டதில்லை.

“மாப்பிள்ளை காலைலயே வந்துட்டார்மா. ரொம்ப அமைதியானவர் லா. என் மக லீலாவுக்கும் பிடிச்சிருக்கு.”

“எந்த மாப்பிள்ளை?”

“நேத்து நீதானே சொன்ன? கேலாங் பரமசிவம்.”

அப்படி ஒருவர் இல்லை.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் டிஸ்க் கெட்டு, ஆயிரத்து நூறு பேரின் விவரங்களும் அழிந்துபோயின. அவர்கள் கைப்பட எழுதிக்கொடுத்த படிவங்களும் இல்லை. எண்பத்தாறாம் வருடம் கம்ப்யூட்டர் வாங்கிய பெருமையில் முதலாளி தனசேகரன் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார். “வெளிய தெரிஞ்சா கடையை மூடணும், உன் வேலையும் போச்சு. யார் கேட்டாலும் எதையாவது சொல்லி வை” என்று சொல்லிவிட்டு ஜொகூருக்கு விருந்து சாப்பிடப் போய்விட்டார்.

பிரிஜட்டும் வாயில் வந்ததைச் சொன்னாள். கூச்சமே இல்லை. நிறம் வேண்டும், நாலு அறை வீடு வேண்டும், மாமியார் கூடாது என்று மனிதர்களைக் கத்தரிக்காய் மாதிரி அழுத்திப் பார்த்துப் பொறுக்கும் கூட்டம். இவர்களுக்கு இது போதும். ரத்தினம்மாவின் ஒன்பதாவது அழைப்புக்கு அவள் செலவழித்தது ஒரு மூச்சு: பரமசிவம், முப்பத்தொன்று, கப்பல் பட்டறை, கேலாங். அந்த அம்மாளுக்காக அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு மறுபடி ரத்தினம்மா. குரல் தாழ்ந்திருந்தது.

“அம்மா பேரு கேட்டா, ஆபீஸ்ல அந்தப் பொண்ணைக் கேளுங்கங்கறார். படிச்ச ஸ்கூல் கேட்டாலும் அதையேதான் சொல்றார். காலைல இருந்து கண்ணே சிமிட்டலைம்மா.” கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. “இப்ப அங்கதான் கிளம்பினார்.”

கீழே பூக்கடையிலிருந்து ஈர மல்லிகை வாடையும், பக்கத்துக் கடையில் மிளகாய் வறுபடும் நெடியும், கேசட் கடைப் பாட்டும் எப்போதும்போல மரப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தன. அவற்றோடு காலடிச் சத்தமும் ஏறி வந்தது, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

வந்தவனுக்கு வியர்க்கவில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அவன் முகத்திலிருந்து கண்ணை எடுத்த நொடியே அது எப்படி இருந்தது என்று அவளுக்கு மறந்துபோயிற்று.

“மிஸ், என் விவரம் பாதிதான் இருக்கு.”

“முதலாளி இல்லைங்க. நாளைக்கு வாங்க.”

“அம்மா பேரு?”

இன்னொரு பெயரைக் கற்பனை செய்ய அவளுக்குப் பயமாயிருந்தது. அந்தப் பெயரும் படியேறி வந்தால்? தன் சொந்த அம்மாவின் பெயர்தான் வாயில் வந்தது.

“அந்தோனியம்மாள்.”

அவன் முதன்முறையாகக் கண் சிமிட்டினான்.

“சின்ன வயசுல அடிபட்ட தழும்பு?”

“இடது முட்டி.”

அவன் தன் முட்டியைத் தடவிக்கொண்டான். மேசைக்கடியில் அவளும் தடவிப் பார்த்தாள். தழும்பு இருந்த இடம் வழவழப்பு. அம்மாவைக் கூப்பிட வேண்டும். பெயர் என்ன? என்ன பெயர்?

“போதும்... போயிருங்க.”

“கஸ்டமர் கேட்டா எதையாவது சொல்லணும்ல, மிஸ்?” கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். “ஞானஸ்நானம் எந்தக் கோயில்ல?”

சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். அதற்கடுத்ததையும். வாய் நிற்கவில்லை.

தொலைபேசி மணி அடித்தது. எடுக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. எப்போது எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்தாள், வாடிக்கையாளர் நாற்காலியில் எப்போது உட்கார்ந்தாள், தெரியவில்லை.

அவன் எடுத்தான். பேசியது அவள் குரல்.

“வணக்கம், பிரிஜட் பேசுறேன். பொண்ணா? ஒன்னு இருக்கு சார். வயசு இருபத்தாறு, சிராங்கூன் ரோடு.” அவளை மேலும் கீழும் பார்த்தான். “வேற விவரம் எதுவும் இல்லை. அனுப்பட்டுமா?”

எதிரே இருந்தவள் எழுந்து, படியிறங்கத் தொடங்கினாள்.