இரும்பு ஏறாத கோயில்

தச்சன் இலியேயின் மனைவி நஸ்தாசியா மலைப்பாதையில் நடந்தே வந்து இன்ஸ்பெக்டர் ரெமுஸ் பர்லியாவின் முன்னால் நின்றாள். புல் அறுப்புக் காலத்தில் குல்மேனி மரக்கோயிலைப் பழுதுபார்க்கப் போன கணவன் வீடு திரும்பவில்லை. பழைய மாதா படமும் அன்றே காணாமல் போயிருந்தது. திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவளிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

"அவர் ஓடலைங்கய்யா. ஓடுறவரு குளிர்காலம் முழுக்க அடுப்பு மேல காயவெச்ச மர ஆணியை ஒரு கூடை அப்படியே விட்டுட்டா போவாரு?"

முந்நூறு வருஷத்துக் கோயில் அது. கூரை முதல் தரை வரை எல்லாம் மர ஆணிதான். இரும்பு அடித்தால் இடி விழும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். கோயிலுக்குள் சாம்பிராணிப் புகையில், பர்லியாவோடு வந்த ஏட்டு வாசா இருமித் தள்ளினார். கோடையிலிருந்தே, கோயில் சாவி வைத்திருக்கும் பாடகர் காவ்ரிலா இப்படித்தான் புகை போடுகிறாராம். பர்லியாவுக்கு என்னவோ அந்த வாசனை அன்றைக்குப் பிடிக்கவே இல்லை.

மாலை ஜெபத்துக்கு வந்த பெண்கள் முன்கட்டோடு நின்றார்கள். உள்கட்டு ஆண்களுக்கு. எப்போதும் வலப்பக்கம் நின்று பாடுகிற காவ்ரிலா இப்போதெல்லாம் இடப்பக்கத் தரைப்பலகையை விட்டு அசைவதில்லை என்று நஸ்தாசியா வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காவ்ரிலா" என்றார் பர்லியா.

அவர் நகர்ந்ததும் பலகை மெல்ல எழும்பியது. பர்லியா அதன் ஆணியை இரண்டு விரலால் உருவினார்.

"மர ஆணின்னா தச்சன் வேலைதானே சார்?" என்று வாசா ஆவலாகக் கேட்டார்.

"இது பச்சை மரத்துல செதுக்கினது. காயக்காயச் சுருங்கி, பிடி விட்டுப்போச்சு. தச்சன் இப்படிச் செய்யமாட்டான். வெளியூர்த் திருடன்னா இரும்பை அடிச்சிட்டுப் போயிருப்பான். இரும்புக்குப் பயந்தவன், தச்சுவேலை தெரியாதவன், கோயில் சாவியும் வெச்சிருக்கிறவன். அது யாரு, காவ்ரிலா?"

தான் படத்தை விற்றதை இலியே பார்த்துவிட்டான் என்று காவ்ரிலா முணுமுணுத்தார். பிறகு, "இரும்பு அடிக்க மட்டும் மனசு வரலைங்கய்யா" என்றார்.

வாசா பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நஸ்தாசியாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் புருஷன் எங்கயும் ஓடலை. நீங்க சாமி கும்பிட்டப்பல்லாம் இங்கதான் இருந்தாரு."