கூடுதலாக ஒருவர்

படத்தில் இருந்த ஸ்டூலின் ஒரு காலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டுச் சமையலறை ஸ்டூலுக்கும் அதே காலில் அதே கறுப்பு டேப். போன வருடம் மகள் அதன்மேல் ஏறி மேல் அலமாரியைத் துழாவியபோது கால் பிளந்தது. கணவன் ஒயருக்குச் சுற்றும் டேப்பை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி, "ரெண்டு நாள்ல புதுசு வாங்கிடலாம்" என்றான். அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

டேப்பின் மேல் ஒரு சிவப்பு வட்டம் விழுந்திருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'பழுது. நீக்கலாம்' என்றிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். ஏற்க. மறுக்க. அவள் ஏற்க என்பதை அமுக்கினாள். டேப் மறைந்து கால் புத்தம் புதிதாக நின்றது. அடுத்த படம் வந்தது.

இப்போது இதுதான் அவள் வேலை. அதற்கு முன்னால் அவள் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவள். ஒரு வீடு, அதில் ஒரு அம்மா, ஒரு அப்பா, சொன்ன பேச்சு கேட்காத ஒரு பெண். அந்தக் குடும்பத்தை வைத்து மட்டும் பத்தொன்பது புத்தகங்கள் வந்தன. மாதிரிக்காக எங்கேயும் அலையவில்லை, சொந்த வீட்டைத்தான் வரைந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பதிப்பகம் அத்தனை படங்களையும், அவள் நோட்டுகளில் கிறுக்கி வைத்திருந்தவை உட்பட, வாரிக்கொண்டுபோய் வரையும் இயந்திரம் ஒன்றுக்குப் பாடமாகக் கொடுத்தது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். போடாதவர்களுக்கு மறுமாதம் வேலை இல்லை.

அந்த இயந்திரம் அவள் பாணியிலேயே, அவளைவிட அழகாக, அரை நிமிடத்தில் வரைந்தது. வரைந்ததில் தப்பு கண்டுபிடித்து வட்டம் போட இன்னோர் இயந்திரம். அதற்கு அலுவலகத்தில் வாத்தியார் என்று பட்டப்பெயர். மனிதர்களுக்கு மிஞ்சியது ஏற்பதும் மறுப்பதும். மறுத்தாலும் படம் எங்கேயும் தொலைந்து போகாது. இன்னொருவர் வரிசைக்குப் போகும், அவர் ஏற்றால் முடிந்தது. அந்த இன்னொருவர் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனுக்காக அந்தப் பெயர். முன்பு பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். பதினோரு பேர் இருந்த பிரிவில் இப்போது அவளும் அவரும்தான், அதுவும் அவரவர் வீட்டிலிருந்து.

இந்த வாரம் புத்தகம்கூட இல்லை. பதிப்பகம் அவளுடைய ஓவியப் பாணியை ஒரு மரச்சாமான் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தது. புது வீடு, புதுச் சாமான், புதுத் தம்பதி என்று விலைப்பட்டியல் புத்தகம். பழசு எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது உத்தரவு. வாத்தியார் வட்டம் வட்டமாகப் போட்டுத் தள்ளியது.

அன்று மகளுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு லீவு. கூடத்து மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கலர் பென்சில்களைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பென்சிலுக்கும் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கித்தான் எடுப்பாள். அந்தக் கலகலச் சத்தம் காலையிலிருந்து வீடெங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு மகளுக்குக் கஞ்சி வைக்கச் சமையலறைக்குப் போனவள், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அது ஆடவில்லை.

குனிந்து பார்த்தாள். டேப் இல்லை. பிரித்து எடுத்திருந்தால் பசை இருக்கும், விரிசல் தெரியும். விரலால் தடவினாள். மரம் வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது, புது வார்னிஷ் வாசனை அடித்தது. கணவன் கமுக்கமாக மாற்றிவிட்டானா? வீட்டுக்கு ஒரு பல்பு மாற்ற மூன்று வாரம் எடுத்துக்கொள்பவன். இருந்தாலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். வேறென்ன நினைக்க முடியும்?

திரும்பி வந்து உட்கார்ந்தபோது திரையில் புதுத் தம்பதியின் கணவன் சோபாவில் சாய்ந்திருந்தான். இடது புருவத்தின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அதுவும் அவள் வரைந்து பழக்கியதுதான். கணவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன், கதவு ஒன்று திரும்ப அடித்ததில் வந்த தழும்பு. பத்தொன்பது புத்தகங்களிலும் அப்பாவுக்கு அது உண்டு. வாத்தியார் அதற்கும் வட்டம் போட்டிருந்தது. 'முகத்தில் கோடு. நீக்கலாம்.' இருநூறு படம் பாக்கி இருந்தது. ஏற்க.

ஒரு மணிக்குக் கணவன் சாப்பிட வந்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வாலுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டபடி நிமிர்ந்தான்.

அவள் கையில் இருந்த கரண்டி தட்டில் இடித்தது.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறே?"

"புருவத்துல... உங்க தழும்பு எங்க?"

"என்ன தழும்பு?"

"லிஃப்ட் கதவு அடிச்சுதே. ஆறு தையல் போட்டாங்க. நான்தானே கூட இருந்தேன்."

அவன் மகளைப் பார்த்துக் கண்ணடித்தான். "உங்கம்மா திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கெட்டுப்போச்சு. என்னை எந்தக் கதவும் அடிச்சதில்லைம்மா. அடிக்கிறதெல்லாம் உங்கம்மாதான்."

வாலு சிரித்தாள். அவளோ எழுந்து போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். புருவம் முழுசாக, ஒரு முடிகூடப் பிசகாமல் இருந்தது. அந்தத் தோலுக்கு எதுவும் நடந்ததே இல்லை. அவள் வரைந்த கோடாக இருந்தால் அங்கே கொஞ்சம் கை நடுங்கியிருக்கும். இது நடுங்காத கோடு. அவன் சாப்பிட்டுவிட்டு, "சாயங்காலம் டாக்டர்கிட்ட போகலாம். உனக்கும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

கதவு சாத்திய பிறகு வீடு முன்பைவிடச் சத்தமில்லாமல் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பிகளில் சொட்டும் தண்ணீர், மின்விசிறியின் கிறீச், ஈரமண்ணும் மருந்தும் கலந்த வாசனை, இவற்றுக்கு நடுவே கூடத்திலிருந்து தகர டப்பாவின் கலகல. அந்தச் சத்தம் வரும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், வந்த பிறகு விட்டாள்.

கணினியை அணைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தொடாமல் விட்டால் பத்து நிமிடத்தில் படம் தானாக அடுத்தவருக்குப் போய்விடும். இங்கே இருந்தாலாவது பார்த்துப் பார்த்துச் செய்யலாம். இனி ஒன்றையும் ஏற்பதில்லை என்று தீர்மானித்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த படம் ஒரு வாசல் நிலை. வெள்ளை மரத்தில் ஆறு பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மகளுக்கு ஒவ்வொரு வயது முடியும்போதும் அவளை நிலையோடு நிறுத்தி, தலைக்கு மேல் அடிக்கோலை வைத்துப் போட்ட கோடுகள். இரண்டு வயதிலிருந்து ஏழு வயதுவரை. சிவப்பு வட்டம் ஆறையும் சுற்றி விழுந்திருந்தது. 'கறை. நீக்கலாம்.'

மறுக்க. அவள் பலமாக அமுக்கினாள். படம் போய்விட்டது. நெஞ்சு லேசானது.

அடுத்தது கூடம். மேசை, மேசைமேல் வெள்ளைத்தாள், தகர டப்பா. ஜன்னலில் மழை. புதுத் தம்பதி சோபாவில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேசை நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சின்னப் பெண். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. காலையில் அவளே பின்னி, பாதியில் மகள் ஓடிப்போன பின்னல்.

சிவப்பு வட்டம் அந்தப் பெண்ணைச் சுற்றி விழுந்திருந்தது.

'கூடுதலாக ஒருவர். பட்டியலில் இருவர் மட்டுமே. நீக்கலாம்.'

மறுக்க. மறுக்க. மறுக்க. ஒரு தடவை போதும், அவள் மூன்று தடவை அமுக்கினாள். படம் போனது. உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. எழுந்து கூடத்துக்கு ஓடினாள்.

வாலு நாற்காலியில் இருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பின்னல் அவிழ்ந்தபடி. டப்பாவைக் குலுக்கிப் பச்சையை எடுத்தாள்.

"என்னம்மா?"

"ஒன்னுமில்லடா கண்ணு."

பிழைத்தோம் என்று நினைத்தாள். அப்படியே வாசல் நிலையில் சாய்ந்தாள். தோளுக்குப் பக்கத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. பக்கத்தில் அவளுடைய கோணல் எழுத்தில் வயதும் இருந்தது. மூன்று. நான்கு. ஐந்து.

இரண்டு எங்கே?

கீழே இருந்த கோடு இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று வெளிறியது. யாரோ பக்குவமாக ரப்பர் வைத்துத் தேய்ப்பதுபோல் இடமிருந்து வலமாகப் போனது. பிறகு நான்கு.

மறுத்த படம் யாருக்குப் போகும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அவளுக்கு மனப்பாடமான விதி. படம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டாளே, எங்கே போனது?

போனை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தப்பான பெயரில் பட்டது. எதிர்முனையில் மணி அடித்தது. நிலையில் ஐந்து போனது. ஆறு போனது.

"சொல்லும்மா," என்றார் சோடாபுட்டி. எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, என்கிட்டேருந்து வந்த படத்தைத் தொடாதீங்க. நிலை ஒன்னு, கூடம் ஒன்னு. தயவு செஞ்சு தொடாதீங்க."

"எந்தப் படம்? நான் எங்கம்மா பார்க்கிறேன். உன் கணக்குல வர்றதையெல்லாம் சேர்த்து வச்சு, டீ குடிக்கப் போறப்ப மொத்தமா ஏற்க-ன்னு ஒரே அமுக்கு. எல்லாரும் அப்படித்தானே செய்யறோம்? இப்பக்கூட ஓடிக்கிட்டிருக்கு."

"நிறுத்துங்க."

"நிறுத்தற பட்டன் ஏது இதுல? நாப்பத்தொன்னுல முப்பத்தொம்போது முடிஞ்சிருச்சு. ஏம்மா, என்னாச்சு?"

ஏழு அழிந்தது. நிலை புதிதாக, வெள்ளையாக நின்றது.

"கணினியை அணைங்க அண்ணா. ஒயரைப் பிடுங்குங்க."

"எதுக்கு? இரு, இரு, பிளக் மேசைக்கு அடியில இருக்கு..." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முனகல் கேட்டது.

அவள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். மகளை நாற்காலியிலிருந்து வாரியெடுத்தாள். அவள் இனித் தூக்குகிற உயரம் இல்லை, கால் தரையில் இழுத்தது. அப்படியே இழுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்து, மேசைக்கு முன்னால் நின்று, மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். இரண்டு கையாலும். பின்னல் விரலில் சுற்றியது. காய்ச்சல் சூடு சேலை வழியாக ஏறியது. தலையிலிருந்து எண்ணெய் வாசனை.

"அம்மா, மூச்சு முட்டுது."

"கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம்டா."

கூடத்தில் கீழே கிடந்த போனிலிருந்து சோடாபுட்டியின் குரல் சின்னதாகக் கேட்டது. "ஹலோ? நான் பிடுங்கறதுக்குள்ள அதுவே முடிஞ்சிடுச்சும்மா. நாப்பத்தொன்னும் ஆயிடுச்சு. ஹலோ?"

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

டப்பாவின் சத்தம் இல்லை. அது சரி, டப்பா அங்கே இருக்கிறது, மகள் இங்கே இருக்கிறாள். மூச்சுச் சத்தம்? அவளுடையது கேட்டது. ஒன்றுதான் கேட்டது.

கைகளை அவள் தளர்த்தவில்லை. வயிற்றில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

திரையில் புதுப் படம் வந்தது.

ஓர் அறை. ஒரு மேசை. மேசைக்கு முன்னால் புது வீட்டின் புது மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் இரண்டு கைகளும் முன்னால் வளைந்து, ஏழு வயதுக் குழந்தையின் தலை உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தை இறுக்கி அணைத்திருந்தன. விரல்கள் மடங்கி எதையோ பின்னிப் பிடித்திருந்தன.

அந்தக் கைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்திருந்தது.

'கைகளின் நிலை தவறு. எதையும் பிடிக்கவில்லை. திருத்தலாம்.'

அவள் குனிந்து பார்க்கவில்லை. திரையின் மூலையில் பத்து நிமிடம் ஒவ்வொரு நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.