ரெண்டு கேபி

இளங்கோ மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தான்.

தூங்குகிறான் என்றுதான் தேன்மொழி நினைத்தாள். பின்னந்தலையில் ரத்தத்தைப் பார்க்கும் வரை...

பக்கத்தில் சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாக இருந்தது. இளங்கோ சில்லிட்டிருந்தான்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிளகு வியாபாரி பொங்கியண்ணனின் கட்டடத்தில் மாடி அறை அது. மிளகின் ஈரத்தைச் சொல்லும் கருவி ஒன்றை இருவரும் அங்கே உருவாக்கி வந்தார்கள். மூட்டையில் குத்தி, யூ.எஸ்.பி. வயரைப் போனில் சொருகினால் போதும். "ஈரமா இருக்குது" என்று வியாபாரிகள் எடையில் கழிக்கிற தில்லுமுல்லுக்கு அதோடு முழுக்கு!

ஆனால் விலை எகிறியது. நினைவகம் குறைந்த சின்ன சிப் போட்டால் விலை இறங்கும். அதில் அவர்கள் எழுதிய நிரல் அடங்காது. அடக்கலாம் என்றான் அவன். முடியாது என்றாள் அவள். நேற்று சாயங்காலம் கட்டடமே அதிரச் சண்டை.

அந்தச் சண்டைதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

"நேத்து சண்டை," என்றார் இன்ஸ்பெக்டர் கலைமணி. "காலைல அவர் கடைசியா போன்ல பேசினதும் உங்க கிட்டதான். கையெல்லாம் ரத்தம். நான் வேற யாரைத் தேடட்டும்?"

"தலையைத் தூக்கிப் பார்த்தேனுங்க மேடம்..."

வாசலில் பொங்கியண்ணன் உச்சுக் கொட்டினார். நேற்று சண்டை காதில் விழுந்த கையோடு நாமக்கல் போனவர், இப்போதுதான் மலையேறி வந்தாராம். யாரும் கேட்காமலே சொன்னார்.

தேன்மொழிக்கு அழக்கூட நேரமில்லை. இந்த அறையை விட்டு வெளியே கூட்டிப் போய்விட்டால், அப்புறம் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்?

மேஜையில் கிடந்த கருவியைக் காட்டி, வாய்க்கு வந்த பொய்யை எடுத்து விட்டாள்.

"அதைக் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாருங்க மேடம். இன்னைக்கு இந்த ரூம்ல பேசினது அத்தனையும் பதிவாகியிருக்கும்."

கலைமணி கருவியை எடுத்தார். கறுப்பு டப்பா. மூடி இறுக்கமாக இருந்தது.

பொங்கியண்ணன் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் அவசரமாக வந்தது.

"புள்ள பயத்துல உளறுதுங்க. அதுல இருக்கற மெமரியே ரெண்டு கேபி. பேச்சையெல்லாம் எங்கீங்க பதியறது? எடமே இல்லீங்களே."

தேன்மொழி மெல்லத் திரும்பினாள்.

"நேத்து வரைக்கும் அதுல பதினாறு கேபி சிப்புங்க. இன்னைக்குக் காலைலதான் இளங்கோ மாத்தினான். 'ரெண்டு கேபியில அடக்கிப்புட்டேன் தேனு, இனி ஊட்டுக்கு ஊடு வாங்கலாம்'னு சொல்லத்தான் எனக்குப் போன் பண்ணினான். நாமக்கல்ல இருந்த உங்களுக்கு அது எப்படிங்க தெரிஞ்சுது?"

கலைமணி கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார்.

இளங்கோ அப்படித்தான். ஜெயித்துவிட்டால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க மாட்டான். மாடியேறி வந்த வியாபாரியிடமே வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருக்கிறான், பாவி... அவளுக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பொங்கியண்ணன் படிக்கட்டைப் பார்த்தார். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

"சும்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க..."

கலைமணி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"சிப்புலதான் எடமில்லீங்க. நம்ம ஜீப்புல தாராளமா இருக்குது. ஏறுங்க!"