கடைசி வண்டியில் ஒரு சிரிப்பு

"படியில நிக்காத, சாவுகிராக்கி! விழுந்து தொலைச்சா உங்கப்பனா வந்து பதில் சொல்வான்?" என்று நடத்துனர் கத்தினார். படியில் நின்ற இளைஞனின் காதில் அது, 'உள்ளே வாருங்கள் நண்பரே, உங்கள் உயிர் விலைமதிப்பற்றது' என்கிற மாதிரி போய் விழுந்திருக்க வேண்டும். அவன் நெகிழ்ந்துபோய்ப் புன்னகைத்தான். படியைவிட்டு மட்டும் நகரவில்லை.

நடத்துனர் உண்மையில் கத்தியது பேருந்தில் ரோஸ்லினுக்கு மட்டும்தான் கேட்டது. அவளுடைய செவியணி கைப்பைக்குள் கிடந்தது. செவியணி இல்லாமல் தெருவில் இறங்குவது பல்செட் இல்லாமல் கல்யாணத்துக்குப் போவது போல என்று திருச்சியில் எல்லோரும் நினைக்கிற காலம் அது. செவியணிக்குள் 'இணக்கி' என்றொரு மென்பொருள். காதுக்கு இதமில்லாத எதையும் அது இதமாக்கித் தரும். வசவு வாழ்த்தாகும், ஹாரன் குயிலாகும். இணக்கி வந்தபிறகு நாட்டில் சண்டையே இல்லை என்று அமைச்சர்கள் பெருமைப்பட்டார்கள். எதிர்க்கட்சியும் அதை ஆமோதித்தது. அல்லது அமைச்சர்களின் காதில் அப்படித்தான் விழுந்தது.

ரோஸ்லின் மன்னார்புரத்தில் இறங்கினாள். அங்கே ஒரு மாடி அறையில் 'மழைக்கால அட்டவணை சுவைஞர் பேரவை' கூடுகிறது. மழைக்கால அட்டவணை என்பது 'ஏழாம் நடைமேடை' என்ற மெலடி ராக் குழுவின் மூன்றாவது ஆல்பம். முதலிரண்டையும் ஊரே பாடியது. மூன்றாவதை வெளியிட்ட நிறுவனமே மறந்துவிட்டது. அந்தக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவள் ரோஸ்லின். உயிரோடு மிஞ்சியிருப்பவளும் அவள் ஒருத்திதான். இப்படி ஒரு பேரவை இருப்பதே போன மாதம்தான் அவளுக்குத் தெரியவந்தது.

அவள் வந்தது மாலைக்கும் பொன்னாடைக்கும் இல்லை. ஆல்பத்தின் நான்காவது பாட்டு 'கடைசி வண்டி'. அதில் இரண்டாம் சரணத்தை எடுக்கும் இடத்தில் ஒலிப்பதிவின்போது பாடகன் அமலதாஸ் வரியை மறந்துவிட்டான். குரல் உடைந்தது, பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு. கிட்டார்கள் நின்றுவிட்டன. ரோஸ்லின் மட்டும் நிறுத்தவில்லை. காலால் மிதித்தால் மூடிக்கொள்ளும் இரட்டைத் தட்டில் ச்சிக், ச்சிக் என்று தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் வரியைக் கண்டுபிடித்து உள்ளே வந்தான். மொத்தக் குழுவும் அவனோடு எழுந்தது.

"கேக்குறவங்க சிரிப்பாங்க ரோஸி. அழிச்சிட்டு வேற எடுப்போம்" என்றான் தாஸ்.

"அழிச்சா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

சிரிப்பு அப்படியே இருந்தது. ஆல்பம் படுத்துவிட்டது. பழுதான சரக்கை யார் வாங்குவார்கள் என்றது நிறுவனம். தாஸும் அதை நம்பிவிட்டான். போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "அந்தச் சிரிப்பத் தூக்கியிருக்கலாம் ரோஸி" என்றுதான் சொன்னான். அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த இடம் பிடித்திருந்தது என்று யாராவது ஒரே ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதற்காகத்தான் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள்.

பேரவைத் தலைவர் முனைவர் இளஞ்சேரல் வரவேற்புரையை ஆரம்பித்தார். 'அட்டவணையியல்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை' என்ற தடித்த நூலை எழுதியவர். முன்னுரை இன்னும் வரவில்லை.

"இந்த ஆல்பத்தில் பிழை என்பதே கிடையாது. பிழையின்மையே இதன் அரசியல்!" என்றார். "கடைசி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சரணம் முதல் சரணத்தின் தோளில் சாய்ந்தபடி எவ்வளவு வழுக்கலாக வந்து அமர்கிறது!"

அந்தச் சிரிப்பு இவர் காதில் விழவே இல்லையா என்று ரோஸ்லின் அவரை உற்றுப் பார்த்தாள்.

அடுத்து எழுந்தவர் சாகுல், பர்மா பஜாரில் கடை வைத்திருப்பவர். "கடைசி வண்டின்னா அது குத்துதாங்க! எம் பொண்ணு நிக்காவுக்கு மறுநாள் அதைப் போட்டுக்கிட்டு நான் ஆடுன ஆட்டம் இருக்கே!"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு நாச்சியார் என்ற பல் மருத்துவர். "எனக்கு அது தாலாட்டு மேடம். நாள் பூரா கிளினிக்ல டிரில் சத்தம். ராத்திரி அந்தப் பாட்டக் கேட்டாத்தான் தூக்கம். ட்ரம்ஸே இல்லாம, வெறும் குரலும் மழையும்."

எல்லோரும் அதற்கும் தலையாட்டினார்கள். குத்து என்று சொன்ன சாகுல் மற்றவர்களைவிட வேகமாக ஆட்டினார்.

"நான்தான்மா அதுக்கு ட்ரம்ஸ் வாசிச்சேன்" என்றாள் ரோஸ்லின்.

"அப்படியா!" நாச்சியாரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றி மேடம், நீங்களே அப்படிச் சொல்றது பெரிய பாக்கியம்."

ரோஸ்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. இணக்கி ஒவ்வொருவருக்கும் பாட்டைத் தட்டிச் சீவி அவரவர் பதத்துக்குக் கொடுத்திருக்கிறது. தூக்கக்காரிக்கு ட்ரம்ஸைப் பிடுங்கியிருக்கிறது, ஆட்டக்காரருக்கு இரட்டிப்பாக்கியிருக்கிறது. அதோடு விட்டதா? ஒருவர் கருத்து மற்றவர் காதில் ஏறும்போது அதையும் உடன்பாடாக மாற்றியிருக்கிறது. இத்தனை வருடமாக இவர்கள் ஆளுக்கொரு பாட்டைப் பற்றிப் பேசி, ஒருவரையொருவர் பாராட்டி, வடை சாப்பிட்டுக் கலைந்திருக்கிறார்கள்.

எந்தப் பேச்சும் இனி எடுபடாது. ரோஸ்லின் எழுந்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, கழற்றுங்கள் என்று சைகை செய்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னது போல எல்லோரும் கூசினார்கள். முதலில் நாச்சியார் கழற்றினாள். பிறகு ஒவ்வொருவராக.

"நீங்க மூணு பேரும் மூணு வேற பாட்டப் பத்திப் பேசுறீங்க. இவர் குத்துங்கிறார், டாக்டரம்மா ட்ரம்ஸே இல்லேங்கிறாங்க" என்றாள் ரோஸ்லின்.

"ட்ரம்ஸ் இல்லேன்னா சொன்னீங்க டாக்டரம்மா?" சாகுலுக்கு இப்போதுதான் உறைத்தது. "காதுல என்னத்த வச்சிருந்தீங்க?"

"நீங்க வச்சிருந்ததத்தான்."

ரோஸ்லின் கைப்பையிலிருந்து ஒரு பழைய ஒலிபெருக்கியை எடுத்தாள். "மூலப்பதிவு. அன்னிக்கு எப்படி எடுத்தோமோ அப்படியே இருக்கு. கேப்போமா, எல்லாரும் சேந்து?"

முனைவர் இளஞ்சேரல் கையை உயர்த்தினார். "திறந்த ஒலி என்பது கேட்பவர்மீது திணிப்பு. மேலும் மூலம் என்பதே ஒரு மாயை, மேடம். படைப்பாளி எப்போதோ இறந்துவிட்டார்."

"அமலதாஸ்தான் செத்தான். நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

சாகுல் வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தலைவரின் காதில் முதல்முறையாகச் சிரிப்பாகவே விழுந்தது. அவர் தம் நூலை எடுத்துக்கொண்டு வெளியே போய், வராந்தாவில் நின்றுகொண்டார்.

ரோஸ்லின் பாட்டை ஓடவிட்டாள்.

பழக்கமில்லாத காதுகள் திணறின. ஒருவர் முகத்தைச் சுளித்தார். "கரகரன்னு இருக்கே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "குத்து எங்க?" என்று சாகுல் ஏமாந்து கேட்டார். பின்வரிசையில் இருவர் செவியணியை மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரோஸ்லின் யாரையும் தடுக்கவில்லை. ஒலிபெருக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தாஸ் சொன்னதுதான் சரியோ? முழு ஆல்பத்தையும் ஒரு பிடிவாதத்துக்குக் காவு கொடுத்துவிட்டோமோ?

இரண்டாம் சரணம் வந்தது. தாஸின் குரல் உடைந்தது.

அறையில் இருந்த அத்தனை பேரின் கையும் ஒரே நேரத்தில் காதுக்குப் போனது. செவியணிதான் மக்கர் செய்கிறது என்று தட்டிப் பார்க்கப் போன கைகள். அங்கே செவியணி இல்லை. வெறும் காதுமடலைத் தட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் ஒலிபெருக்கியிலிருந்து தாஸ் மூக்கால் சிரித்தான். முதலில் சாகுல், பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஒரே விஷயத்துக்கு, ஒரே நொடியில். அப்படிச் சிரித்தது அவர்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்க வேண்டும், சட்டென்று அடங்கினார்கள்.

அந்த அமைதியில் இரட்டைத் தட்டு மட்டும் கேட்டது. ச்சிக், ச்சிக், ச்சிக். பிறகு தாஸ் உள்ளே வந்தான்.

பாட்டு முடிந்தது. "தாலாட்டே நல்லாருந்துச்சு போல, டாக்டரம்மா" என்றார் சாகுல், பாதி விளையாட்டாக.

நாச்சியார் அவரைக் கவனிக்கவில்லை. ரோஸ்லினின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சிரிக்கிறப்ப, நீங்க கோவமா இருந்தீங்களா மேடம்?"

ரோஸ்லின் நிமிர்ந்தாள். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற இரண்டு பதிலுக்கும் அவள் தயாராக வந்திருந்தாள். இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை.

"பயங்கரக் கோவம். காலைலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. அவன் சிரிக்கிறான்."

"தெரியுது. அந்தத் தட்டுல ஒரு கடுப்பு இருக்கு." நாச்சியார் தயங்கினாள். "ஆனா எல்லாரும் நிறுத்திட்டாங்க. நீங்க மட்டும் தட்டிக்கிட்டே அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க."

ரோஸ்லின் ஒலிபெருக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதைத்தான் தாஸிடம் சொல்லியிருக்க வேண்டும். அழிக்கக் கூடாது என்று சண்டை போட்டதற்கு இதுதான் காரணம் என்று அவளுக்கே இத்தனை காலம் சொல்லத் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு மெல்லத் திறந்தது. முனைவர் இளஞ்சேரலின் தலை மட்டும் உள்ளே வந்தது. அவர் காதிலும் செவியணி இல்லை.

"வெளியில சரியாக் கேக்கல" என்றார், மேடைத்தமிழை வராந்தாவிலேயே விட்டுவிட்டு. "நடுவுல யாரோ சிரிச்சாங்களே, யாரது?"

"தாஸ்தான். உள்ள வாங்க சார்" என்றாள் ரோஸ்லின். "கதவச் சாத்திட்டு வாங்க, கொசு வருது."

பாட்டை மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள்.