முந்திரிக் கறையும் சாக்பீஸும்

இலக்கியாவிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் முந்திரிப்பழக் கறை. நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை அகலம். மூன்று தடவை சோப்புப் போட்டும் அசையவில்லை. சட்டை கிழிந்தாலும் கிழியும், முந்திரிக் கறை போகாது.

ஆலங்குடிப் பக்கத்துப் பள்ளி அது. ஆறாம் வகுப்பு லீடர் பீட்டர் வேறு ஊருக்குப் போய்விட்டான். இன்று புது லீடருக்கு ஓட்டு. பந்து இருக்கும் பீரோவின் சாவி லீடரிடம்தான். பீட்டர் இருந்தவரை பெண்பிள்ளைகளுக்கு விளையாடப் பந்து கிடைத்ததே இல்லை. அதற்காகத்தான் இலக்கியா நின்றாள். எதிரே ரகுநாத்.

நேற்று ஆங்கில டீச்சர் ராஜலட்சுமி சொன்னதுதான் வம்பாகிப் போனது.

“கேண்டிடேட், லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. வெள்ளை உடுத்தினவர்னு அர்த்தம். அந்தக் கால ரோம்ல ஓட்டுக் கேக்குறவங்க, துணியில சுண்ணாம்புக்கட்டி தேய்ச்சுப் பளிச்சுன்னு வருவாங்க. அப்புறம் தேர்தல்ல நிக்கிறவருக்கே அது பேராச்சு. இப்பப் பரீட்சை எழுதுறவங்களும் கேண்டிடேட்தான். துணியோட நிறத்தை மறந்துட்டாங்க.”

“நம்ம ஊர்ல மறக்கல டீச்சர்! நாங்களும் நாளைக்கு வெள்ளையிலதான் வருவோம்!” என்றான் ரகுநாத். வகுப்பே கைதட்டியது.

இலக்கியாவுக்கு வெள்ளைச் சட்டைகள்மேல் நம்பிக்கை கிடையாது. போன தேர்தலில் அப்படி வந்த ஒருவர் தெருவுக்குக் குழாய் போடுவேன் என்றார். போட்டார். தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

“இங்கிட்டுத் திரும்புடி.” தோழி ஐஸ்வர்யா சாக்பீஸை எடுத்துக் கறைமேல் தேய்த்தாள். “ஷூவுக்குப் பூசுறோம்ல? ரோம்காரனே பூசியிருக்கான், ஒனக்கென்ன?”

கறை மறைந்தது.

ரகுநாத் முதலில் பேசினான். “எனக்கு ஓட்டுப் போட்டா தினமும் ரெண்டு பீரியட் விளையாட்டு!”

அடுத்து இலக்கியா எழுந்தாள். சட்டையைக் குனிந்து பார்த்தாள். இதுவும் தண்ணீர் வராத குழாய் மாதிரிதான் இருந்தது. படபடவென்று தட்டிவிட்டாள். தூள் பறந்தது. முன்பெஞ்சு சிவசாமி தும்மினான்.

“இது முந்திரிக் கறை. போன வாரம் பந்து தோப்புக்குள்ள விழுந்துச்சுல்ல? நாய்க்குப் பயந்து ஒருத்தனும் போகல. நான் போய் எடுத்தாந்தேன். அப்பப் பட்டது. எடுத்துக் குடுத்தும் ஒரு தடவகூட வெளையாட விடல. சாவி வந்தா ஒருநாள் ஒங்களுக்கு, ஒருநாள் எங்களுக்கு. அவ்வளவுதான்.”

“ஆமாடா ரகு,” என்றான் சிவசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அன்னைக்கு மொதல்ல ஓடுனதே நீதான்!”

மூன்று ஓட்டு வித்தியாசத்தில் இலக்கியா ஜெயித்தாள்.

அன்று மாலை பி.டி. வகுப்பு பையன்களின் முறை. ரகுநாத் உதைத்த பந்து நேரே தோப்புக்குள் போய் விழுந்தது.

“லீடர், போய் எடுத்துட்டு வா!”

“அடிச்சது நீ. வா, நாய நான் பாத்துக்கிறேன்.”

பந்தோடு திரும்பிய ரகுநாத்தின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து முழங்கை வரை முந்திரிச் சாறு.

“ஐயோ, எங்க ஆத்தா தோலை உரிச்சுரும்!”

இலக்கியா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடுத்த வருசம் நீ தாராளமா நிக்கலாம்டா!”