வீட்டுக்காரர்

கூண்டு இல்லை. சாட்சிக்காகத் தரையில் ஒரு பாய் விரித்திருந்தார்கள். சுக்கு என்ற நாய் அதில் படுக்கவில்லை. கதவைப் பார்த்து நின்றது.

குடியிருப்பு விலங்கு மன்றத்தில் அன்று அதற்குத்தான் விசாரணை. அயனாவரத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் செண்பகவல்லியின் நாய். அவள் கணவர் தனுஷ்கோடி இறந்ததிலிருந்து ஊளையிட்டது. கீழ்வீட்டில் இருந்த வீட்டு உரிமையாளர் ஆரோக்கியதாஸ் தூக்கம் கெட்டு, அதைக் காப்பகத்துக்கு அனுப்பக் கோரி மனுச் செய்தார். முன்பு அவர் வாய்வார்த்தையே போதும். இப்போது நாயைக் கேட்காமல் நாயை வெளியேற்ற முடியாது. அந்தச் சட்டத்துக்காகப் பல வருடம் அலைந்தவள் செண்பகவல்லி.

மனமொழிப் பட்டை வந்த பிறகே சட்டம் சாத்தியமானது. கழுத்தில் கட்டிவிட்டால், விலங்கு எதை நினைக்கிறதோ அதற்கு அந்த வீட்டில் புழங்கிய சொல்லைப் பட்டை உரக்கச் சொல்லும். தொடக்கத்தில் வீட்டு உரிமையாளர்கள் சொல்லை வளைத்தார்கள். பூனை ‘வேண்டாம்’ என்றால் வீடு வேண்டாம் என்கிறது என்றார்கள். மருந்தை வேண்டாம் என்ற பூனைகள் தெருவுக்கு வந்தன.

செண்பகவல்லி நான்காம் பிரிவைச் சேர்க்க வைத்தாள். விலங்கின் சொல்லுக்கு மனிதர் பொருள் கூறக் கூடாது. சட்டத்தின் சொல் விளக்கமே முடிவு. அந்த விளக்கம் சாதாரணத் தமிழில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டதும் அவள்தான்.

மன்ற அலுவலர் லோகேஸ்வரி நாயின் முன் குனிந்தார்.

“சுக்கு, யாரோட இருக்கணும்?”

சுக்கு மறுபடி கதவைப் பார்த்தது. “வீட்டுக்காரர்” என்றது பட்டை.

பின்வரிசையில் சிரித்தார்கள். ஆரோக்கியதாஸ் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

செண்பகவல்லி எழுந்தாள். மாலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் நாயிடம் தான் சொல்வது அது என்றாள். வீட்டுக்காரர் வந்துட்டாரு. கணவர் பெயரை அவள் சொல்லிப் பழகவில்லை.

“என் வீட்டுக்காரரையும் நான் அப்படித்தான் சொல்றேன் மேடம்” என்றார் லோகேஸ்வரி. “எனக்குப் புரியுது. ஆனா புரிஞ்சுக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க.”

சொல் விளக்கத்தை வாசித்தார். வீட்டுக்காரர்: வீட்டைச் சொந்தமாகக் கொண்டவர். ‘உரிமையாளர்’ என்பதை அடித்துவிட்டு அந்தச் சொல்லைப் போட்டவளும் செண்பகவல்லிதான்.

நாய் இனி ஆரோக்கியதாஸுடன் வாழ வேண்டும் என்று தீர்ப்பானது. மறுத்தால் சிறை.

“தொரத்தத்தாம்மா மனு போட்டேன்” என்றார் அவர். “தத்து எடுக்க இல்ல.”

மேல்முறையீட்டுக்கு ஒரே வழி இருந்தது. நான்காம் பிரிவு செல்லாது என்று அவளே வாதாட வேண்டும். உரிமையாளர் சங்கம் தன் வழக்கறிஞரையே அனுப்புவதாகச் சொன்னது. இப்பவாவது புரிஞ்சுதே மேடம் என்று சங்கத் தலைவர் தொலைபேசியில் பரிவாகப் பேசினார். அந்தப் பிரிவு விழுந்தால் சுக்கு மாடிக்கு வந்துவிடும். வாடகை வீடுகளில் இருக்கும் மற்ற நாய்களும் பூனைகளும் சொல்வதற்கு மறுபடியும் வீட்டுக்காரர்கள் பொருள் சொல்வார்கள்.

மேல்முறையீட்டு மனுவில் அவள் கையெழுத்திடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனாள். ஆரோக்கியதாஸ் சோற்றில் கறி பிசைந்துகொண்டிருந்தார். நாய் மெலிந்திருந்தது. அவளைப் பார்த்து வாலை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபடியும் வாசல்பக்கம் படுத்தது.

“ஊளையெல்லாம் நின்னுடுச்சு மேடம்” என்றார். குரலில் பெருமை. “நாள் முழுக்க என்னையேதான் கூப்பிடுறான். பெத்த புள்ளைங்ககூட என்னை இப்படித் தேடுனதில்ல.”

தெருவில் ஏதோ வண்டி நின்றது. சுக்கு காதைத் தூக்கியது.

“வீட்டுக்காரர்” என்றது பட்டை.

“இங்கதான்டா இருக்கேன்.” ஆரோக்கியதாஸ் கையைத் துடைத்துவிட்டுப் போய் அதன் முதுகைத் தடவினார். நாய் திரும்பவில்லை.

“நான்தான் பக்கத்துலயே இருக்கேனே. அப்புறம் எதுக்கு வாசலையே பார்க்குறான்?”

செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியல சார்” என்றாள்.